இன்னும் ஒரு கேள்வி

“நோயாளிக்கு வயசு என்னன்னு சொன்னீங்க?”

இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டர் போனில் இதைக் கேட்பது மூன்றாவது முறை. ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்பத்திரண்டு சார். இதயத்துல அடைப்பு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். அவர் சம்சாரம் என் எதிர்லயே அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. அனுமதி குடுங்க சார்!”

“சர்க்கரை இருக்கா?”

“அதையும் கேட்டுட்டீங்க. ரிப்போர்ட்டை மறுபடி அனுப்பட்டுமா?”

“எதையும் அனுப்பாதீங்க. வாயாலேயே சொல்லுங்க. சிகரெட் பிடிப்பாரா?”

“மாட்டார்!”

“அவரோட அப்பா பிடிப்பாரா?”

“உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? இங்க உயிர் ஊசலாடுது, நீங்க ஊர்க்கதை கேக்குறீங்க!”

மறுமுனை அசரவில்லை. “உயரம் எவ்வளவு?”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தானது.

“அப்பாடா!” டாக்டரின் குரல் தாழ்ந்தது. “இப்ப உங்க ஸ்கிரீனைப் பாருங்கம்மா.”

‘அனுமதிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் இருந்தது.

“எப்படி சார்?”

“இந்த மாதிரி கேஸையெல்லாம் தள்ளிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நான் பதில் போட்டிருந்தா ‘இல்லை’ன்னுதான் போட்டிருக்கணும். அஞ்சு மணிக்குள்ள பதிலே போடலைன்னா, சம்மதம்னு கம்ப்யூட்டரே எடுத்துக்கும்.”

அழுதுகொண்டிருந்த அந்த மனைவியின் பக்கம் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள்.

“மன்னிச்சுக்குங்க சார், கண்டபடி திட்டிட்டேன்.”

“நல்லவேளை திட்டினீங்க. என் பக்கத்துல நின்னு ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த எங்க மேனேஜர், நான் ரொம்பக் கறாரான ஆளுன்னு நம்பி, டீ குடிக்கப் போயிட்டார்!”