மிஸ் மாண்டீனின் விக்

மிஸ் மாண்டீன் ஆறாவது முறையாகத் தன் உச்சந்தலையைத் தட்டினார்.

நாங்கள் ஆறாவது முறையாகப் பாட்டின் முதல் வரிக்குத் திரும்பினோம்.

எங்கள் தொழிலில் அது சைகை. பாட்டை நடத்துகிறவர் தலையைத் தட்டினால் ஆரம்பத்துக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் ஆரம்பத்திலிருந்துதான் எரிய வேண்டும்.

"விக்குடா," என்று ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தான் க்ளோவிஸ். "ஃபேன் காத்துல பறக்கப் பாக்குது. அவங்க அத அமுக்கிப் பிடிக்கிறாங்க. நாம லூசு மாதிரி திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறோம்."

"ஒருவேளை நிஜமாவே சைகையா இருந்தா?" என்றேன்.

"இருந்தா, ஆரம்பிச்சுத்தான் ஆகணும்."

ஆரம்பித்தோம்.

விக்கின் மேல் எங்களுக்குச் சந்தேகம் வரக் காரணம் உண்டு. ஒரு தெரு ஊர்வலத்தில் அது பறந்துபோய் டூபா என்ற பெரிய ஊதுகொம்புக்குள் விழுந்தது. வாசித்தவர் மறுநாள்தான் கண்டுபிடித்தார். அதுவரை தன் நுரையீரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அழுதிருக்கிறார்.

இப்போது மின்விசிறி அவர் உட்கார்ந்து வாசித்த பியானோவுக்கு நேர் மேலே, முழு வேகத்தில் சுற்றியது. விக்கில் கொஞ்சம் நரை கூடத் தெரிந்தது. இவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறார்களே என்று பேஸ் தந்திகளை மீட்டியபடி வியந்தேன்.

முன்வரிசை மேசையில் அந்த உணவகத்தின் ஓனர் அல்சே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு கிண்ணம் கம்போ, எங்கள் ஊர் இறால் குழம்பு, ஆறிக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு மதியம், ஒரு காதல் பாட்டின் நடுவே மிஸ் மாண்டீனுக்கு வரிகள் மறந்துவிட்டன. அதே மெட்டில் கம்போ வைப்பது எப்படி என்று பாடிவிட்டார். மாவை எண்ணெயில் வறுப்பதில் ஆரம்பித்து உப்பு வரை. எங்கள் ட்ரெமே பேட்டையில் பாதிப் பேர் கை தட்டினார்கள். இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

அல்சே கை தட்டவில்லை. "இன்னொரு வாட்டி வரி மறந்தாங்கன்னா, ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன். நீயே சொல்லிரு, வெண்டல்," என்றார் என்னிடம்.

சொன்னேன். அறுபத்திரண்டு வருடங்கள் பாடியவர். மூன்று கணவர்கள், பதினோரு இசைத்தட்டுகள். "ம்," என்றார். பிறகு ஒரு தட்டு வறுத்த மீன் கேட்டார்.

இன்று அவர் எடுத்தது தானே எழுதிய பாட்டு. முதல் பாதியில், விடியற்காலையில் கணவன் ஒற்றை ஷூவோடு வீடு திரும்புகிறான். மனைவி வாசலை மறித்து நின்று, இன்னொன்று எங்கே என்று கேட்கிறாள். பதில் இரண்டாம் பாதியில் வரும்.

இரண்டாம் பாதிதான் வரவே இல்லை.

ஏழாவது முறை அந்தக் கணவன் தேவாலயப் பாட்டு மாதிரி வீடு திரும்பினான். எட்டாவது முறை ரயில் மாதிரி. ஒன்பதாவது முறை பிண ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி, அத்தனை மெதுவாக. ஒவ்வொரு தடவையும் அவர் விரல்கள் பியானோவில் புதிதாக ஒரு தெருவைக் கண்டுபிடித்தன. கூட்டம் முதல் பாதியை மனப்பாடம் செய்து கூடவே பாடியது.

"அடியே, அந்த இன்னொரு ஷூ எங்கதான் போச்சு?" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கத்தினாள்.

"அவன் சொன்னா நான் சொல்ல மாட்டேனா, கண்ணு!" என்றார் மிஸ் மாண்டீன். முழங்கையால் கட்டைகளை ஓங்கி இடித்துப் பாட்டை முடித்தார்.

இருபத்திரண்டு நிமிடங்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

அல்சே கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்தார். "பாவம்யா, விக்க வச்சுக்கிட்டு என்ன பாடு படுறாங்க," என்று தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பசைக் குழாயை எடுத்துத் தந்தார். "நல்ல பசை. குடுத்துரு. என்கிட்ட எப்பவும் ஒண்ணு இருக்கும்."

அல்சேயின் தலைமுடியைப் பற்றியும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மிஸ் மாண்டீன் சமையலறைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தார். பசையை நீட்டினேன். அவர் பசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தார்.

"இழு."

இழுத்தேன்.

"ஆ! மெதுவாடா, கழுதை!"

வரவில்லை. வேரோடு இருந்தது.

"விக்க ஈஸ்டருக்கே நாய் கடிச்சிருச்சு," என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஷூ எங்கடா போச்சு, வெண்டல்? எனக்கு வரவே மாட்டேங்குது," என்றார்.

முப்பது வருடங்களாக அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவன் நான். பேஸ்காரனுக்கு நான்கு சுரங்கள் போதும், மிச்ச நேரமெல்லாம் வரிகளைக் கேட்பதுதான் வேலை. ஒரு பாட்டு விடாமல் எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க எழுதினேன். பியானோ மூடியின் உள்பக்கம், அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் இடத்தில், காகிதங்களை ஒட்டினேன். நிஜமாகவே நல்ல பசை.

அடுத்த ஞாயிறு கூட்டம் வாசல்வரை நின்றது. மிஸ் மாண்டீன் ஒரு தடவைகூடத் தலையைத் தொடவில்லை. இரண்டாம் பாதி வந்தது. இன்னொரு ஷூ அத்தனை நேரமும் அவன் கையிலேயேதான் இருந்தது. சிரிப்பில் மூன்று கிண்ணம் கம்போ கவிழ்ந்தது.

முன்வரிசையில் அல்சே பெருமை தாங்காமல் என்னைப் பார்த்துத் தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா! பசைன்னா இதுதான் பசை!"

க்ளோவிஸ் அந்தக் கையை மட்டும்தான் பார்த்தான். முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டான்.