சம்பளம் கழிக்காத லாபம்

"இதுக்குப் பேரு லாபமா அண்ணே?" ரோகிணி லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

மலேசியாவில், செமோரில் இருக்கும் தன் சாப்பாட்டுக் கடைக்கு ஈப்போவில் ஒரு கிளை திறக்க வேண்டும், பேங்க் கடனுக்குக் கணக்குப் போட்டுக் கொடு என்று, கணக்கியல் படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணான அவளைக் கூப்பிட்டிருந்தான் யுகேந்திரன்.

"ஏன், என்ன குறை?"

"வாடகை, கேஸ், அரிசி எல்லாம் செலவுல இருக்கு. சமைக்கிறவங்க சம்பளம் எங்கே? அதைக் கழிச்சா உன் கடை நஷ்டத்துல ஓடுது. இது முதல் வருஷப் பாடம்!"

"அவங்க கேக்கவே இல்லியே லா. சாப்பாடு போடுறேன், தங்க இடம் கொடுக்கிறேன்."

ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எஸ்டேட் தொரைகூட சம்பளம் கொடுத்தான் அண்ணே. நாளைக்கே அவங்க வேற கடைக்குப் போயிட்டா?"

"எங்க போவாங்க?" என்று சிரித்தான் யுகேந்திரன்.

சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள் சமைக்கிறவள்.

"எதிர்க் கடைக்கு. நாளையிலருந்து வேலை. மாசச் சம்பளம், இபிஎஃப், ஞாயித்துக்கிழமை லீவு. எல்லாம் பேசியாச்சு."

யுகேந்திரனுக்கு முகம் வெளிறியது. "என்னம்மா இது? பெத்த மகனையே விட்டுட்டுப் போறியா?"

"மகனை யாருடா விட்டா? சாயங்காலம் வீட்டுக்குத்தான் வருவேன். முதலாளியைத்தான் விட்டுட்டேன்."