இரண்டாவது தடவை

செருப்புப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, ஒரு முனையில் விசிறியையும் மறுமுனையில் டேப் டிரைவையும் பொருத்தி ஒட்டிய பிறகுதான் அந்தச் சனியன் சூடாகாமல் நின்றது.

கம்ப்யூட்டர் தகவலைக் காந்த நாடாவில் பதியவும் படிக்கவும் செய்யும் அது, ஆள் உயர அலமாரிக்குள் வாழ வேண்டிய சாதனம். அங்கே இயந்திரக் கை ஒன்று டேப்பை எடுத்து அதற்கு ஊட்டிவிடும். தனக்கென்று மூடி கிடையாது, விசிறி கிடையாது, சுவிட்சுகூடக் கிடையாது. மருத்துவமனை கழித்துக்கட்டிய அதையும் ஒரு பெட்டி டேப்புகளையும் பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்து, மூன்று வாரமாக அவள் சாப்பாட்டு மேசையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள விமானம் இறங்குற மாதிரி!" கணவர் காதைப் பொத்திக்கொண்டே வந்தார்.

அவள் கையிலிருந்த டேப்பின் மேல் எழுதியிருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கையெழுத்துதான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் தினமும் புது டேப்பில் நகல் எடுத்து வைப்பது அவள் வேலை. அந்தத் தேதிக்கு மறுநாள் சர்வர் படுத்துவிட்டது. நானூறு நோயாளிகளின் ஸ்கேன் போயே போனது.

வேலையை விட்டு அனுப்பிய கடிதம் நீளமில்லை. 'டேப்பை மூன்று முறை போட்டுப் பார்த்தோம். காலியாக இருந்தது. உங்கள் அலட்சியமே காரணம்.'

அலட்சியமாம்! ஊரார் நோயெல்லாம் பதிந்த டேப்புகளை அழிக்காமல்கூட எடைக்குப் போட்டவர்கள் சொன்ன வார்த்தை.

ஸ்கேன் தொலைந்துபோன ஒரு சின்னப் பெண்ணின் அப்பா அவளை வாசலில் நிறுத்தி, நாலு பேர் பார்க்கக் கேட்ட கேள்வி இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. நாளாக ஆக, தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கு நிஜமாகவே எடுத்தோமா?

டேப்பை உள்ளே தள்ளினாள். டிரைவ் அதைக் கவ்வி இழுத்துக்கொண்டது.

இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. எல்லாம் இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் ஸ்கேனும் இருந்தது.

கணவர் அவள் தோளில் கை வைத்தார். அன்றைக்கு அவர்கள் போட்டுப் பார்த்த டிரைவில் ஏதாவது கோளாறு இருந்திருக்கும், பாவம், படிக்காமல் போயிருக்கும் என்று சமாதானம் சொன்னார். ஒரு கணம் அவளும் அப்படி நம்பப் பார்த்தாள்.

ஒவ்வொரு டேப்புக்குள்ளும் நகத்தளவு சிப் ஒன்று உண்டு. எந்த டிரைவில் செருகினாலும், படித்தாலும் படிக்காவிட்டாலும், அது எண்ணி வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைத் திரையில் வரவழைத்தாள்.

செருகிய தடவைகள்: 2.

"ஒண்ணு, அன்னைக்கு நான் போட்டது," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொண்ணு, இப்பப் போட்டது."