தினம் ஒரு டைனோசர்

"ட்ரைசெராடாப்ஸ் ஒண்ணுக்கு மேல இருந்தா எப்படிங்க சொல்றது?"

அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளைச் சுற்றிக்காட்டும் அவளிடம் அந்தக் கண்ணாடிக்காரர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கூட்டமா வந்தாலும் ட்ரைசெராடாப்ஸ்னே சொல்லலாம் சார். மூணு கொம்பு மூஞ்சின்னு அர்த்தம்" என்றவள், மேனேஜர் முகம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டாள்.

மறுநாளும் வந்தார்.

"டெரோடாக்டைல்னா என்ன அர்த்தம்?"

"சிறகு விரல், சார். கிரேக்கம்."

"மாமத்?"

"அது ரஷ்யாக்காரங்ககிட்டேர்ந்து வந்த பேரு."

டிக்கெட் கவுண்டர் அக்கா கண்ணடித்தாள். "ஏண்டி, இந்த மனுஷன் எலும்பைப் பார்க்கவா தினம் டிக்கெட் எடுக்கறாரு? சட்டுபுட்டுன்னு உன் மனசைச் சொல்லிடு."

"போங்கக்கா! அவரே சொல்லட்டும்."

அப்பா கொண்டுவந்த வரனைத் தட்டிக்கழித்தாள். கண்ணாடிக்காரர் என்ன கேட்டாலும் முழிக்கக் கூடாதென்று கிரேக்க வேர்ச்சொற்களை உருப்போட்டாள்.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி நின்றார்.

"நாளைக்கு உங்க மேனேஜர் முன்னாடியே ஒரு விஷயம் சொல்லணும். நீங்க இல்லாம இது நடந்தே இருக்காது."

மனக்கோட்டைக்கு மாடியும் எழுப்பி, புதுத் தோடு போட்டுக்கொண்டு போனாள்.

மேனேஜர் மேசை முழுக்க ஹெட்போன்கள்.

"சாரோட கம்பெனி செஞ்சதும்மா. வர்றவங்க இதை மாட்டிக்கிட்டாப் போதும், எல்லாத்தையும் இதுவே சொல்லிடும். இனிமே கைடே வேண்டாம். கேட்டுப் பாரு."

மாட்டிக்கொண்டாள். அவள் சொன்ன பதில்கள், ஒரு சொல் மாறாமல், வேறு யாரோ ஒருத்தியின் குரலில்.

"நல்லா வந்திருக்கா?" என்றார் கண்ணாடிக்காரர், ஆவலாக.

அவள் அதைக் கழற்றினாள். ஒயரைச் சிக்கில்லாமல் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு வெளியேறினாள்.