டெல்லாவின் சுவர்

கார்டிஃப் நகரத் துறைமுகச் சுவரில் கெத்தின் என்ற இளைஞன் ஒரு மலர்க்கொத்தைச் செருகினான். முப்பது வருஷமாக ஓடும் விண்வெளி டிவி தொடரில் நாயகனோடு எத்தனையோ தோழிகள் பயணம் போயிருக்கிறார்கள். அவர்களில் டெல்லாதான் கெத்தினுக்கு உயிர். கதையில் அவள் செத்தது இந்த இடத்தில்தான். ரசிகர்கள் வைத்த பூக்கள் சுவரையே மூடியிருந்தன.

ஒரு பெண்மணி வந்து அவற்றை விலக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, கைய எடுங்க! செத்தவளுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"கொஞ்சம் இடம் போதும்ப்பா."

"எங்கள விட்டா டெல்லாவுக்காக அழ வேற யாரு இருக்கா?"

அவள் இன்னும் இரண்டு கொத்துகளை நகர்த்தினாள். அடியில் களிம்பேறிய பித்தளைத் தகடு தெரிந்தது: 'எங்கள் மகள் நியா. வயது ஆறு. இங்கே தண்ணீரில் விழுந்தாள்.'

கைக்குட்டையால் அதைத் துடைத்தபடியே அவள் சொன்னாள்:

"உங்க டெல்லாவா நடிச்ச பொண்ண நேத்து டிவியில பாத்தேன்ப்பா. நல்லாத்தான் இருக்கா."