பாஸ்டரின் நாற்காலி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்றிக்கறி கொதிக்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் அடுப்புப் புகைக்குள் கம்பிபோல் நிற்கிறது. யோகமலர் மிளகாய்த்தூளை அள்ளிச் சட்டிக்குள் வீசுகிறாள். சற்று முன்தான், பக்கத்து ஜெப வீட்டில் பைபிளின் லேவியராகமத்தை விரித்து வாசித்த பாஸ்டர், மாதவிலக்கான பெண்கள் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்க்க, அவள் ஒருத்திதான் கையை மடக்கிக்கொண்டு நின்றாள். இதே பேச்சுப் பிடிக்காமல்தான் அம்மன் கோயிலை விட்டு ஜெப வீட்டுக்கு வந்தவள். அகப்பை சட்டியின் விளிம்பில் மோதி மோதிச் சத்தம் போடுகிறது. சாப்பிட வந்து வாசலில் கை கழுவிய பாஸ்டர், விரல்களை உதறியபடி உள்ளே வருகிறார்.

"வாசம் ஆளத் தூக்குதேம்மா!"

"பன்னியும் ஆகாதுன்னு அதே புஸ்தகத்துலதானே ஐயா இருக்கு?"

"அதெல்லாம் பழைய சட்டம்மா. சிலுவையோட முடிஞ்சிருச்சு" என்று சிரிக்கிறார்.

அகப்பை நிற்கிறது. வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அவருக்கென்று காலையில் அவளே துடைத்து, வெள்ளைத் துண்டு விரித்து வைத்தது. யோகமலர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வருகிறாள். அந்தத் துண்டின்மேல் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறாள்.

"நான் உக்காந்த எடமும் தீட்டுன்னு எழுதியிருக்கு. எனக்கு மட்டும் இன்னும் முடியாத சட்டமாச்சே ஐயா. நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடுங்க."