வலுவிழந்துவிடும் என்று எழுதியிருந்தேன்

அவள் மூன்றாவது முறையாக எழுந்துபோய் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கடல் அங்கேயேதான் இருந்தது. கரைதான் இல்லை.

உட்கார்ந்தாள். எழுந்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

காலையிலேயே சென்னையில் இறங்கியிருக்க வேண்டும். துறைமுகத்தில் ஏழாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். எந்தக் கப்பலும் உள்ளே வரக்கூடாது. நடுக்கடலில் வட்டமடித்துக்கொண்டிருக்கிறோம்.

கார்த்திகை மாதத்து வங்கக்கடலில் சொகுசுக் கப்பல் ஏறலாம் என்று சொல்ல வீட்டுக்கு ஒரு முட்டாள் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

சாதாரண முட்டாளும் இல்லை. முகநூலில் வானிலை எழுதுகிறவன். நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். 'தாழ்வு மண்டலம் வலுவிழந்து வங்கதேசம் பக்கம் ஒதுங்கிவிடும்' என்று எழுதிவிட்டு, அந்தத் தைரியத்தில் பெட்டி கட்டினேன்.

இன்று காலை ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணே, நாளைக்கு ஸ்கூல் லீவு உண்டா?"

கப்பலில் வைஃபை வரும், போகும். பன்னிரண்டு மணிக்கு வந்தபோது மாப்பிள்ளையின் செய்தி இருந்தது.

"மாமா, நிரஞ்சனாவுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரி போறோம். அத்தைய உடனே வரச் சொல்லுங்க."

தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். மகளும் பத்து நாளாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தாய்தான் இல்லை.

"இன்னும் மூணு வாரம் இருக்கு. பேரப்பிள்ளை வந்தப்புறம் நாம எங்க போகப்போறோம்? மூணே நாள்" என்று அவளை இழுத்து வந்தது யார்?

அந்தக் கணிப்பும் என்னுடையதுதான்.

பிறகு வைஃபை போனது. போனது போனதுதான்.

பயணிகளைக் குஷிப்படுத்தக் கூடத்தில் தம்போலா நடத்தினார்கள். மைக்கில் எண் எண்ணாகக் கூப்பிட்டார்கள். சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் வாந்தியெடுக்கப் போயிருந்தார்கள்.

அவள் நேராக என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க."

பன்னிரண்டு மணிக்குப் பிறகு அவள் பேசிய முதல் சொல்.

"நல்லபடியா ஆயிடுமா? சொல்லுங்க."

இருபத்தொன்பது வருடத்தில் நான் சொன்னதை நம்பி அவள் குடை எடுத்ததில்லை. மழை வராது என்று நான் சொல்லும் நாட்களில்தான் எடுப்பாள்.

என்னிடம் செயற்கைக்கோள் படம் இல்லை. காற்றழுத்தக் கணக்கு இல்லை. ஒன்றுமே இல்லை.

"நாலு மணிக்குள்ள" என்றேன். "சுகப்பிரசவம்."

குரல் எப்போதும்போலத்தான் வந்தது.

சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் திட்டுவாள்.

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் வைத்தாள்.

இரண்டே முக்கால்.

கப்பல் சாய்ந்தது. கடிகாரம் வழுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தது.

ஒரு விரலால் பிடித்து நிறுத்தினாள்.

விரலை எடுக்கவில்லை.